உறவினர் யாராவது இங்கே வேலை செய்கிறார்களா?

1

நான் வேலை பார்க்கும் கேன்டீனில், சாப்பிட்ட தட்டுகளை வைக்கும் அலமாரிக்குப் பக்கத்தில் ஓர் அறிவிப்புப் பலகை இருக்கிறது. அதில் புதிதாக எது ஒட்டினாலும் போனில் படம் எடுத்து நெய்வேலிக்கு அனுப்பிவிடுவேன். தங்கச்சி மகள் ரம்யாவுக்கு. அவள் அங்கே எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறாள். அடுத்து கடலையும் வானிலையையும் படிக்க வேண்டும் என்பது அவள் முடிவு. நான் இருப்பது நார்வே நாட்டின் மேற்குக் கரையில், மழை ஓயாத ஒரு துறைமுக ஊர். கேன்டீன் இருப்பது கடலையும் காற்றையும் ஆராய்ச்சி செய்கிற ஒரு நிறுவனத்தின் கீழ்த்தளம். ஆகவே குடும்பத்தின் கணக்குப்படி நான் சரியான இடத்தில் இருக்கிறேன்.

இந்த ஊர் மொழி எனக்குப் பேச வரும். படிக்கும்போது பாதியில் நின்றுவிடும். அதனால் நான் அனுப்பியதில் பாதி உதவாதவை. காணாமல் போன பூனை, பழைய சைக்கிள், பாட்டுக் குழுவுக்கு ஆள் தேவை. ரம்யா எல்லாவற்றையும் போனில் மொழிபெயர்த்துப் பார்த்துவிட்டுப் பதில் போடுவாள்.

"மாமா, இது பூனை. சாம்பல் கலரு. நீங்க பாத்தா புடிச்சிக் குடுத்துடுங்க, பாவம்."

சென்ற குளிர்காலத்தில் அனுப்பிய ஒரு படத்துக்கு மட்டும் பதில் போடாமல் நேராகக் கூப்பிட்டாள். கோடைக் காலப் பயிற்சி. வெளிநாட்டு மாணவர்களுக்கு ஒரே ஓர் இடம். போக வரச் செலவு, தங்க அறை, மாத உதவித்தொகை எல்லாம் அவர்களே தருகிறார்கள். வேலை, பருவமழைக் காலத்துக் கடல்மேற்பரப்பு வெப்பத்தைக் கணினியில் வைத்து ஆராய்வது.

"மாமா, இது நெஜமாவே ஒங்க கேன்டீன்ல ஒட்டியிருக்கா?"

"தட்டு வைக்கிற எடத்துல."

"அப்ப நான் வந்தா அங்கதான் சாப்புடுவேனா?"

"வேற எங்க சாப்புடுவ? வெளிய ஓட்டல் வெலைக்கு உன்னால சாப்பிட முடியாது."

அன்று வேலை முடிந்து வீட்டுக்கு நடக்கும்போது மழை பக்கவாட்டில் அடித்தது. இங்கே குடை நிற்காது. வழியில் ஒரு கடை வாசலில் ஒதுங்கி நின்று, அவள் வந்தால் வீட்டில் எதை எங்கே நகர்த்துவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

2

நான் படித்தது குறைவு. ஐ.டி.ஐ.யில் சேர்ந்து பாதியில் விட்டேன். பண்ருட்டியில் ஒரு முந்திரி மண்டியில் கொஞ்ச நாள், மும்பையில் ஒரு மெஸ்ஸில் கொஞ்ச நாள், பிறகு மஸ்கட், பிறகு சரக்குக் கப்பலில் சமையலாளுக்கு உதவி. ஓர் இடத்தில் வேலை பழகியதும் கால் அடுத்த இடத்துக்குத் தயாராகிவிடும். யாரும் விரட்டவில்லை, நானாகவேதான் கிளம்பினேன். இந்த ஊரில் கப்பல் பழுதாகி நின்றபோது இறங்கினேன். கல்யாணம் ஆனது, மகன் பிறந்தான், பிறகு மனைவியும் மகனும் தலைநகரத்துக்குப் போய்விட்டார்கள். சண்டை ஒன்றும் இல்லை. நான் அதிகம் பேசுவதில்லை என்று அவள் சொன்னாள். அது உண்மைதான். அப்பா இறந்தபோதும் நான் ஊருக்குப் போகவில்லை.

ஒவ்வொரு கோடையிலும் கேன்டீனுக்குப் பயிற்சி மாணவர்கள் வருவார்கள். பிரேசில், சீனா, ஜெர்மனி. முதல் நாள் தனித்தனியாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அடுத்த வாரம் மேஜைகளை ஒட்டிப் போட்டுக்கொள்வார்கள். கடலுக்குள் போய்விட்டு வந்த நாளில் மட்டும் யாரும் சாப்பிட மாட்டார்கள், வெறும் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டு வெளுத்துப்போய் உட்கார்ந்திருப்பார்கள். இவர்களைப் பற்றித்தான் நான் ரம்யாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவளுக்குப் பள்ளிக்கூட வயதிலிருந்தே. வேறு சொல்ல என்னிடம் என்ன இருக்கிறது?

3

ரம்யாவின் அப்பா முருகன் சுரங்கத்தில் மழைநீர் பம்ப் செட்டில் வேலை. நெய்வேலிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நிலக்கரிக்காகத் தோண்டிய பள்ளம் ஊர் அளவு இருக்கும். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகி மழை கொட்டினால் அவ்வளவு தண்ணீரும் உள்ளே இறங்கும். அதை விடாமல் மேலே ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ரேடியோவில் புயல் சின்னம் என்று சொன்னால் கடலூரில் மீனவர்கள் கரைக்கு வருவார்கள். முருகன் போன்றவர்கள் பள்ளத்துக்குள் இறங்குவார்கள். ஷிப்ட் முடிந்தாலும் மாற்று ஆள் வர முடியாது, இவர்களும் வெளியே வர முடியாது.

தன் விண்ணப்பத்தோடு எழுத வேண்டிய கட்டுரையில் ரம்யா இப்படி ஆரம்பித்திருந்தாள்: "என் அப்பா வீட்டுக்கு வராத நாட்களை வைத்துத்தான் எனக்கு வங்கக் கடல் தெரியும்." ஆங்கிலத்தில் எழுதி, தமிழில் எனக்குப் படித்துக் காட்டினாள். நான் நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

முருகனுடையது சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பம். இருப்பது கம்மாபுரம் போகிற பக்கம், டவுன்ஷிப்புக்கு வெளியே. வேலை கான்ட்ராக்ட். பர்மனன்ட் ஆகும் ஆகும் என்று அவன் தலை நரைத்துவிட்டது. பெண்ணாவது கம்பெனி அப்ரண்டிஸில் நுழைந்துவிட்டால், அதைப் பிடித்துக்கொண்டு மேலே வரலாம் என்பது அவன் எண்ணம். அந்த அழைப்பும் வந்திருந்தது. கோடையிலேயே சேர வேண்டும்.

"ண்ணா, ஒங்க மாப்ள ஒரே முடிவா சொல்லிட்டாரு" என்றாள் தங்கச்சி செல்வி. "இந்த ஒரு தடவ எழுதிப் பாக்கட்டும். கெடைக்கலன்னா அப்ரண்டிஸ்ல சேரணும், அதுக்கப்பறம் கடலு கிடலுன்னு வூட்ல பேச்சு வரக்கூடாதுன்னு."

"ரம்யா என்னா சொல்லுது?"

"சரின்னிடிச்சி. சரின்னிட்டு மாடிக்குப் போயி துணி காயவச்சிக்கினு இருந்திச்சி, அர மணி நேரமா. ஈரத் துணியே நாலுதான்."

4

இந்தப் பயிற்சிகளையும் உதவித்தொகைகளையும் தேடுவது தனி உத்தியோகம் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ரம்யா முதலில் நம் நாட்டிலேயே தேடியிருந்தாள். சென்னையில், கோவாவில், புனேயில், ஐதராபாத்தில் என்று கடலும் வானிலையும் பார்க்கிற நிறுவனங்கள் மாணவர்களை எடுக்கின்றன. ஆனால் சிலவற்றில் உதவித்தொகை கிடையாது, தங்குமிடமும் நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். சிலவற்றில் அறிவிப்பு வருவதே கடைசித் தேதிக்குப் பக்கத்தில். கல்லூரியிலிருந்து ஒரு கடிதம் வாங்குவதற்குள் தேதி போய்விடும். பேராசிரியர்களுக்கு நேரடியாக மெயில் எழுதினால் பெரும்பாலும் பதில் வராது. எல்லாருக்கும் ஒரே மெயிலை அனுப்பக் கூடாது, அவர் என்ன ஆராய்ச்சி செய்கிறார் என்று படித்துவிட்டு அதைப் பற்றி இரண்டு வரி எழுத வேண்டும் என்று அவளாகவே கண்டுபிடித்தாள். அப்படி எழுதியதில் ஒருவர் பதில் போட்டார். இடம் இல்லை, ஆனால் கேள்வி நல்ல கேள்வி என்று. அந்தப் பதிலை அவள் எனக்கு அனுப்பி வைத்தாள். இடம் கிடைத்த மாதிரி சந்தோஷம்.

பரிந்துரைக் கடிதம்தான் பெரும்பாடு. அவள் கல்லூரி ஆசிரியர், "நீயே எழுதிக் கொண்டாம்மா, கையெழுத்துப் போடறேன்" என்றார். இங்கேயோ ஆசிரியரே தன் கம்ப்யூட்டரிலிருந்து நேராக அனுப்ப வேண்டும், மாணவர் கண்ணில் படக் கூடாது. இதை அவருக்குப் புரியவைக்க ரம்யா மூன்று முறை கல்லூரிக்கு நடந்தாள்.

"அவரு கேக்கறாரு மாமா, நீ பாக்காம அனுப்பனா நான் என்னா எழுதினேன்னு ஒனக்கு எப்டித் தெரியும்னு."

"தெரியக்கூடாதுன்னுதான்னு சொல்லு."

"சொன்னேன். அப்ப அவங்க ஒன்ன நம்பலன்னு அர்த்தமான்னு கேக்கறாரு."

எப்படியோ அவர் அனுப்பினார். கடைசித் தேதிக்கு முன்பே எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று ரம்யா சொன்னாள். நான் கேன்டீனில் அன்று எல்லாருக்கும் சூப் கொஞ்சம் தாராளமாக ஊற்றினேன்.

5

நெய்வேலியில் எந்த விண்ணப்பத்திலும் எங்கள் ஆட்கள் முதலில் தேடுவது ஒரு கட்டத்தைத்தான். உறவினர் யாராவது இந்த நிறுவனத்தில் பணிபுரிகிறார்களா? பெயர், பதவி, எம்ப்ளாயி நம்பர். பெயரையும் பிறந்த தேதியையும் நிரப்புவதற்கு முன்பே அதை நிரப்புவார்கள். சொந்தச் சித்தப்பா இல்லாவிட்டால் சித்தப்பாவின் சகலை. அவர் எந்த பிளாக், எந்த யூனிட் என்று ஞாயிற்றுக்கிழமை வீடு தேடிப் போய் நம்பர் வாங்கி வருவார்கள். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் விண்ணப்பமே காலி என்று நினைப்பு. அது உண்மையில் உதவுகிறதா என்று எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. ஆனால் காலியாக விடுகிற துணிச்சல் யாருக்கும் கிடையாது.

இங்கே உள்ள விண்ணப்பத்திலும் அதே கேள்வி இருந்திருக்கிறது. ரம்யா 'இல்லை' என்று போட்டிருக்கிறாள். கேன்டீனை அவள் நிறுவனத்தோடு சேர்க்கவில்லை. முருகன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தானாம்.

"என்னாத்துக்கு இல்லன்னு போடற? சொந்த மாமன் அங்க குத்துக்கல்லாட்டம் கீறாரு."

"மாமா கேன்டீன்லப்பா."

"கேன்டீன்னா? நம்ம கேன்டீன்ல பர்மனன்ட் ஆளுக்கு இருக்கற மரியாத ஒனக்குத் தெரியுமா? போடு. பர்மனன்ட்னு போடு."

அவள் போட்டுவிட்டாள். என் தாய்மாமா உங்கள் நிறுவனத்தின் நிரந்தர ஊழியர், என் நடத்தைக்கு அவர் உறுதி கூறுவார் என்று, முருகன் சொல்லச் சொல்ல, நல்ல ஆங்கிலத்தில். பர்மனன்ட் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. இத்தனை காலமாக ஒரே இடத்தில் இருக்கிறேன் என்பதால் அவர்களே வைத்துக்கொண்டது. நான் திருத்தப் போனதும் இல்லை.

6

சில வாரம் கழித்து ரம்யா கூப்பிட்டாள். குரல் சன்னமாக இருந்தது.

"மாமா, என் அப்ளிகேஷன நிறுத்தி வச்சிட்டாங்க."

அவளுக்கு வந்த மெயிலை எனக்கு அனுப்பினாள். அதில் இருந்த விதிகளின் இணைப்பு இந்த ஊர் மொழியில் இருந்தது. நான் மகனைக் கூப்பிட்டேன். அருணுக்கு இப்போது பத்தொன்பது வயது. தமிழ் புரியும் என்று நினைக்கிறேன், பேசுவதில்லை. நான் தமிழில் கேட்டால் அவன் நார்வே மொழியில் பதில் சொல்வான். இருவருக்கும் பழகிவிட்டது.

"இந்த நாட்டில் அதற்கு இன்ஹபீல் என்று பெயர், அப்பா" என்றான். "சொந்தக்காரர் இருக்கும் இடத்தில் ஒருவரைத் தேர்ந்தெடுத்தால் நியாயம் கெட்டுவிடும், சம்பந்தப்பட்டவர்கள் விலகி நிற்க வேண்டும் என்று. அந்தக் கேள்வியே அதற்காகத்தான் இருக்கிறது. யாராவது இருந்தால் உஷாராக வேண்டும் என்று."

"நம்ம ஊர்ல அது நல்லதுன்னு போடுவாங்க."

அவன் சிரித்தான். பிறகு, "யார் அந்தப் பெண்?" என்று கேட்டான். அத்தை மகள் என்றேன். சின்ன வயதில் அவளை ஒரு முறை வீடியோவில் பார்த்திருக்கிறான். நினைவில்லை என்றான். போனை வைக்கும்போது இங்கே எல்லாரும் "பேசுவோம்" என்று சொல்லிவிட்டுத்தான் வைப்பார்கள். அவனும் சொன்னான்.

மறுநாள் மதிய வேலை முடிந்ததும் ஏப்ரனைக் கழற்றிவிட்டு மூன்றாம் மாடிக்குப் போனேன். பயிற்சி மாணவர்களைப் பார்த்துக்கொள்கிற இங்குன் என்ற அம்மாள் அங்கே இருக்கிறார். தினமும் என்னிடம் சாப்பாடு வாங்குகிறவர். கறிவேப்பிலை போட்டு நான் செய்கிற மீன் குழம்பு அவருக்குப் பிடிக்கும். ஆனால் அந்த மாடிக்கு நான் போனது அதுதான் முதல் முறை. கதவைத் தட்டியதும், கீழே ஏதோ தகராறு என்று நினைத்து எழுந்துவிட்டார்.

நான் ரம்யாவின் பெயரைச் சொன்னேன்.

"நில்" என்றார். கையை உயர்த்தினார், அன்பாகத்தான். "அவளைப் பற்றி நல்லதாக எதுவும் என்னிடம் சொல்லிவிடாதே. சொன்னால் நானும் விலக வேண்டிவரும்."

வந்தது அதற்குத்தானே. படிக்கட்டில் ஏறும்போது நான்கு வாக்கியம் மனதில் அடுக்கி வைத்திருந்தேன்.

"ஒன்று மட்டும் சொல்லலாமா?" என்றேன். "நான் உங்கள் ஊழியர் இல்லை."

"எங்கள் ஊழியர் இல்லையா?"

"சாப்பாட்டுக் கம்பெனி ஒன்று இருக்கிறது. அவர்கள் ஆள் நான். உங்களுக்கும் அவர்களுக்கும்தான் ஒப்பந்தம். அது முடிந்தால் நானும் முடிந்தேன்."

அவர் முகம் சிவந்துவிட்டது. இத்தனை வருடமாகத் தெரியாதே என்று வெட்கப்பட்டார். எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. யார் சம்பளம் போடுகிறார்கள் என்று சூப்பில் எழுதியா இருக்கிறது?

"அப்படியானால் அவள் எழுதியது தவறு" என்றார், மெதுவாக. "உன் கம்பெனியிடமிருந்து ஒரு கடிதம் வாங்கி அவளுக்கு அனுப்பு. அவள்தான் அதைத் தர வேண்டும், நீ இல்லை. அது வந்தால் அவள் விண்ணப்பம் மற்ற விண்ணப்பங்களோடு சேர்ந்து போகும். அதற்கு மேல் நான் எதுவும் செய்ய மாட்டேன்."

கீழே இறங்கி வந்தேன். நான் பர்மனன்ட் இல்லை என்பது வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு தகுதி ஆகியிருந்தது.

7

கடிதம் வாங்குவது சுலபம். மேற்பார்வையாளர் ஆங்கிலத்திலேயே அடித்துக் கொடுத்தார். இன்னார் எங்கள் ஆள், கான்ட்ராக்ட் அடிப்படையில் அந்தக் கேன்டீனில் பணிபுரிகிறார், அந்த நிறுவனத்தின் ஊழியர் அல்ல. ரம்யாவுக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டாள் என்று போனில் தெரிந்தது. பிறகு, "அப்லோட் பண்ணிட்டேன் மாமா" என்று மட்டும் வந்தது. கொஞ்சம் கழித்து, "அப்பாகிட்ட காட்டல."

காட்டாதே என்று நான் சொல்லவில்லை. காட்டு என்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு காத்திருப்பு. இங்குன் அம்மாள் தினமும் வந்தார், சாப்பாடு வாங்கினார், நன்றி சொன்னார். ஒருநாள்கூட என் கண்ணைப் பார்த்து அதிகப்படியாக ஒரு சிரிப்புச் சிரிக்கவில்லை. அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். அந்த வாரங்களில் அது கொடுமையாக இருந்தது. ஊரில் என்றால் கதவிடுக்கில் யாராவது தலையை ஆட்டியாவது காட்டியிருப்பார்கள். நெய்வேலியில் அப்ரண்டிஸில் சேர வேண்டிய தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. செல்வி சான்றிதழ்களுக்கு நகல் எடுத்து வைத்துவிட்டாள்.

தட்டுகளை மெஷினில் அடுக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஈரக் கையோடு எடுத்தேன்.

"மாமா, கெடச்சிடிச்சி. ஒரே எடம். எனக்குத்தான்."

பின்னால் செல்வி யாரிடமோ சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் மெஷினை நிறுத்திவிட்டு, சாமான் அறைக்குள் போய் ஒரு மாவு மூட்டைமேல் உட்கார்ந்தேன். மற்ற மாணவர்களோடு தங்குவதற்கு அறை தருகிறார்களாம், துறைமுகத்துக்குப் பக்கத்தில். "அதுவும் நல்லதுதான், நடந்தே வந்துடலாம்" என்றேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறேன் என்றாள். "ஒவ்வொரு ஞாயிறும்" என்று திருத்திக்கொண்டாள். பிறகு, "அப்பா பேசணுமாம்" என்று போனைக் கொடுத்தாள்.

முருகன் மாடிக்கு ஏறுவது கேட்டது. தனியாகப் பேச வந்திருக்கிறான்.

"மச்சான், அந்த லெட்டர நானும் பாத்தேன்."

"எந்த லெட்டரு?"

"பாப்பா செல்லுல இருந்திச்சி. அன்னிக்கே பாத்துட்டேன். இங்கிலீஷ் எனக்கு வராது, ஆனா கான்ட்ராக்ட்ன்ற வார்த்த தெரியாதா? என் கேட் பாஸ்லயே அதானே கீது."

நான் மூட்டையிலிருந்து எழுந்து அறைக் கதவைச் சாத்தினேன்.

"நீயும் கான்ட்ராக்ட்தானா மச்சான்?"

"ஆமா மாப்ள."

"எம்மாம் நாளா?"

"சேந்ததுலேருந்து."

அவன் சிரித்தான். "ஒன்ன வச்சி நான் பம்ப் ஹவுஸ்ல எவ்ளோ பேசிக்கினு இருந்தேன் தெரியுமா? எங்க மச்சான் வெளிநாட்டுல பர்மனன்ட்டுன்னு. ஒருத்தன வாயத் தொறக்க வுட மாட்டேன்." சிரிப்பு நின்றதும் குரல் தணிந்தது. "ஒங்க அப்பா காரியத்துக்கு நீ வரலன்னு செல்விகிட்ட அவ்ளோ கத்துனேன் மச்சான். கொழுப்புன்னு. நீ கான்ட்ராக்ட்னு தெரிஞ்சிருந்தா ஒரு வார்த்த சொல்லியிருக்க மாட்டேன். லீவு போட்டா கூலி போவும், திரும்பி வந்தா வேல இருக்குமோ இருக்காதோ. எனக்குத் தெரியாதா? எங்கண்ணன் மவ கல்யாணத்துக்கு நானே போவல."

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். அவன் மனதில் நான் நல்லபடியாக உட்கார்ந்துவிட்டேன். ஆனால் ரம்யா வரப் போகிறாள். வந்த ஒரு வாரத்தில் எல்லாம் தெரிந்துவிடும்.

"இல்ல மாப்ள" என்றேன். "இங்க கான்ட்ராக்ட்டுக்கும் லீவு உண்டு."

"சம்பளத்தோடவா?"

"சம்பளத்தோட. ஒரு மாசத்துக்கு மேல."

"வருஷா வருஷமா?"

"வருஷா வருஷம்."

கீழே செல்வி பக்கத்து வீட்டுக்காரியிடம் நார்வே எங்கே இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருப்பது லேசாகக் கேட்டது. முருகன் தொண்டையைச் செருமினான்.

"அப்பறம் ஏன் மச்சான் வரல?"

அதில் கோபம் இல்லை. பம்ப் ஏன் நின்றது என்று கேட்பதுபோல, தெரியாததைத் தெரிந்துகொள்ளக் கேட்டான்.

"பாப்பாவுக்கு ஸ்வெட்டர் அங்க வாங்காதீங்க" என்றேன். "இங்க கோடையிலயும் குளுரும், அது தாங்காது. நான் வாங்கி வைக்கறேன்."

"சரி மச்சான்" என்றான். போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.